வெள்ளீயம் வளர்த்த ஈப்போ

திருவாரூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் ரசம் வைப்பதற்கென்றே ஒரு சொம்பு இருக்கும். ஈயச் சொம்பு என்பார்கள். பார்வைக்கு வெள்ளியைப் போல் இருக்கும். ஆனால் அழுத்திப் பிடித்தால் சற்றே நெளியும். புளியைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் அதை அடுப்பில் ஏற்ற வேண்டும். வெறும் சொம்பை வைத்துவிட்டு மறந்து போனால், சிறிது நேரத்தில் உருகி அடுப்புக்குள் ஓடிவிடும். புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று.

ஏன் அப்படி? இந்த உலோகம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுகிறது. அடுப்புத் தணலின் வெப்பநிலை இதைவிட மிக அதிகம். ஆனால் சொம்பினுள் நீர் இருக்கும் வரையில், அந்த வெப்பம் நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஆகவே சொம்பின் சுவர் 100 டிகிரியை அதிகம் தாண்டுவதில்லை. நீர் இல்லையேல் சொம்பும் இல்லை!

அந்த உலோகத்தின் பெயர் வெள்ளீயம். தஞ்சைத் தரணியில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வண்டலும் களிமண்ணும் மணலும் கிடைக்குமேயன்றி, வெள்ளீயம் கிடைக்காது. இந்தியாவிலேயே பஸ்தர் பகுதியில்தான் சிறிதளவு கிடைக்கிறது. நம் பாட்டிமார்களின் சமையலறைக்கு வந்த ஈயத்தில் பெரும் பகுதி கடல் கடந்து மலாயாவிலிருந்து வந்தது. மலாயாவில் அது மிகுதியாகக் கிடைத்த இடம் கிந்தாப் பள்ளத்தாக்கு. அதன் நடுவே எழுந்த நகரம் ஈப்போ. ஒரு காலத்தில் 'கோடீசுவரர்களின் நகரம்' என்று பெயர் பெற்ற ஊர் அது. அந்த ஊரின் கதையில் நம் ஊர் ரயில் நிலையத்துக்கும், நம் ஊர்ப் புழுங்கல் அரிசிக்கும்கூட இடம் உண்டு.

இரண்டு ஈயங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு உலோகங்களைக் குறிக்கிறோம். ஒன்று வெள்ளீயம்; மற்றது காரீயம். காரீயம் 327 டிகிரியில் உருகும், மிகக் கனமானது, உடலுக்கு நஞ்சு. வெள்ளீயமோ சமையலுக்கு ஏற்றது. புளியிலுள்ள அமிலம் அதை எளிதில் அரிப்பதில்லை.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். பித்தளையிலுள்ள செம்பு அமிலத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்பே அந்தக் களிம்பு. இதைத் தடுக்கவே பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசுகிறோம். பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக் குச்சியைத் தொட்டுப் பஞ்சால் துடைத்துவிடுகிறார். நவச்சாரம் செம்பின் மீதுள்ள அழுக்குப் படலத்தை நீக்கிவிடுவதால், உருகிய ஈயம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மயிரிழையினும் மெல்லிய அந்தப் பூச்சு செம்பையும் புளியையும் பிரித்து வைக்கிறது.

செம்போடு வெள்ளீயத்தைக் கலந்து உருக்கினால் வெண்கலம் கிடைக்கும். தனிச் செம்பைவிட அது கடினமானது; அச்சில் நன்றாகப் பாயும்; தட்டினால் கணீரென்று ஒலிக்கும். கோயில் மணிகளும் சோழர் காலத் திருமேனிகளும் இந்தக் கலவையின் பெருமையைச் சொல்லும். திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் பஞ்சமுக வாத்தியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்து முகங்கள் கொண்ட அந்தக் குடமுழாவின் உடல் வெண்கலத்தால் ஆனது. அதிலும் வெள்ளீயம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஈயச் சொம்பு வாங்கும்போது காரீயம் கலந்திருக்கக் கூடாது. காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் கரும் சாம்பல் நிறக் கோடு நன்றாக விழும். தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் 'நறநற' என்று ஓர் ஒலி கேட்கும். உள்ளே படிகங்கள் நழுவுவதால் எழும் ஒலி அது. ஆனால் சிறிதளவு கலப்பை இந்த முறைகளால் கண்டுபிடிக்க இயலாது. ஆய்வுக்கூடச் சோதனையே உறுதியானது.

கடாரத்தின் ஈயம்

வெள்ளீயத்தைத் தேடி மனிதர்கள் மலாய்த் தீபகற்பத்துக்குப் போனது நேற்று இன்று நடந்ததன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம் என்பது அறிஞர் பலரின் கருத்து. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டையொட்டிக் கடற்படை அனுப்பி வென்ற கடாரமும் அதுவே. அரபு நாட்டுப் பயண நூலாசிரியர்கள் 'கலா' என்ற துறைமுகத்திலிருந்து ஈயம் வந்ததாக எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்களில் ஈயம் பூசுவதைச் சிலர் 'கலாய் பூசுதல்' என்பார்கள் அல்லவா? அந்தச் சொல் அரபியிலிருந்து வந்தது. அதைக் 'கலா' துறைமுகத்தோடு தொடர்புபடுத்திச் சொல்பவர்களும் உண்டு.

கெடாவுக்குத் தெற்கே உள்ள மாநிலம் பேராக். 'பேராக்' என்ற மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். அங்கே வெள்ளி கிடையாது. வெள்ளீயத்தின் பளபளப்பால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பார்கள்.

பாறையிலிருந்து பள்ளத்தாக்குக்கு

கிந்தாப் பள்ளத்தாக்கின் கிழக்கிலும் மேற்கிலும் கருங்கல் மலைத்தொடர்கள் நிற்கின்றன. நடுவே கிந்தா ஆறு ஓடுகிறது. பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. பழங்காலக் கடலடியில் படிந்து உருவான அந்தப் பாறைக்குக் கீழே, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் உட்புறத்திலிருந்து பாறைக்குழம்பு பொங்கி வந்து ஆறிக் கருங்கல்லாயிற்று. அப்போது அதிலிருந்து கசிந்த வெந்நீரும் ஆவிகளும் பாறை வெடிப்புகளில் புகுந்து, தாம் சுமந்து வந்த ஈயத்தை அங்கே படிய வைத்தன. அந்தத் தாதுவின் பெயர் காசிட்டரைட். வெள்ளீயமும் ஆக்சிசனும் சேர்ந்த ஆக்சைடு அது. தூய தாதுவின் எடையில் ஏறத்தாழ 79 சதவீதம் வெள்ளீயம்.

பிறகு மழை தன் வேலையைத் தொடங்கியது. வெப்ப மண்டலத்து மழை கருங்கல்லையும் மக்கச் செய்துவிடும். பாறை உதிர்ந்து களிமண்ணும் மணலுமாயிற்று. காசிட்டரைட் மட்டும் மக்கவில்லை. ஓடைகள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்தன. களிமண் வெகுதூரம் போயிற்று. மணல் சற்றுத் தூரம் போயிற்று. கனமான தாதுவோ மலையடிவாரத்திலேயே தங்கிவிட்டது. அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கரைந்து கரைந்து கூரிய முகடுகளும் குழிகளுமாக இருந்தது. அந்தக் குழிகள் தாதுவைப் பிடித்து வைத்துக்கொண்டன. இப்படி இலட்சக்கணக்கான ஆண்டுகள் இயற்கையே சலித்துச் சேர்த்து வைத்த செல்வம்தான் கிந்தாவின் ஈயம்.

அரிசியில் கல் அரிப்பது போல

தாதுவை மணலிலிருந்து பிரிப்பது எப்படி? இதற்கும் நம் சமையலறையிலேயே விடை இருக்கிறது. அரிசியில் கல் இருந்தால் என்ன செய்கிறோம்? பாத்திரத்தில் நீர் விட்டு, வட்டமாக ஆட்டி ஆட்டி, அரிசியை நீரோடு வேறு பாத்திரத்துக்கு ஒதுக்குகிறோம். கனமான கல் அடியில் தங்கிவிடுகிறது. கிந்தாவில் 'டூலாங்' என்ற அகன்ற மரத்தட்டில் பெண்கள் செய்த வேலையும் இதுவே. மணலின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, காசிட்டரைட்டின் அடர்த்தி கிட்டத்தட்ட 7 மடங்கு. எனவே தட்டை ஆட்டும்போது மணல் நீரோடு வழிந்து ஓட, கருநிறத் தாது அடியில் நிற்கும். அரசாங்க உரிமம் பெற்ற சீனப் பெண்கள் இடுப்பளவு நீரில் நாள் முழுவதும் குனிந்து நின்று இந்த வேலையைச் செய்தார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு கொட்டாங்கச்சியில் பாதியளவு ஆற்று மணலை எடுத்துக்கொள்ளுங்கள். வாளி நீருக்குள் மெல்லச் சுழற்றி, மேல் மணலைச் சிறிது சிறிதாக வழியவிடுங்கள். கடைசியில் சில கரும்பொடிகள் அடியில் மிஞ்சும். அவை ஈயமல்ல, பெரும்பாலும் இரும்புத் தாதுக்கள். காந்தத்தைக் காட்டினால் பல ஒட்டிக்கொள்ளும். கனமானது தங்கும், இலேசானது போகும் என்ற விதியை உங்கள் கண்ணாலேயே கண்டுவிடலாம்.

இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டுதான் சுரங்கத்தார் மேலும் மேலும் பெரிய கருவிகளைச் செய்தார்கள். சீனர் திறந்த குழிகளைத் தோண்டி, மிதிக்கும் சங்கிலி இறைவைகளால் நீரை வெளியேற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும் பம்புகள் வந்தன. குழாய் முனையிலிருந்து பீறிடும் நீரால் மண் கரையைக் கரைத்து, அந்தச் சேற்றைப் பம்பு மூலம் 'பாலோங்' என்ற உயரமான மரச்சாய்வின் உச்சிக்கு ஏற்றுவார்கள். சேறு சாய்வில் இறங்கி வரும்போது குறுக்குக் கட்டைகளின் பின்னால் தாது தங்கும்.

1913-இல் பத்து காஜாவில் மலாயாவின் முதல் வாளித் தூர்வாரி இயங்கத் தொடங்கியது. 'பத்து' என்றால் மலாயில் கல். 'காஜா' என்றால் யானை. கஜம் என்ற சொல் அங்கேயும் போயிருப்பதைப் பாருங்கள். தூர்வாரி என்பது ஒரு மிதக்கும் தொழிற்சாலை. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, முன்னால் உள்ள நிலத்தை வாளிச் சங்கிலியால் வாரி விழுங்கும். உள்ளே தாதுவைப் பிரித்துக்கொண்டு, எஞ்சிய மணலைப் பின்னால் கொட்டும். இப்படிக் கப்பலும் குளமும் சேர்ந்தே நகரும்! தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கும் தூர்வாரி 1938-இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். நீளம் 75 மீட்டர். நம் திருவாரூர் ஆழித்தேரின் எடை சுமார் 300 டன் என்பார்கள். பதினைந்து ஆழித்தேர்கள் சேர்ந்து தண்ணீரில் மிதப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஊர் எழுந்த விதம்

மலைக் காடுகளில் ஒராங் அஸ்லி எனப்படும் பழங்குடியினர் வாழ்ந்தார்கள். அவர்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவிய நஞ்சு, ஈப்போ என்ற மரத்தின் பால். ஊரின் பெயர் அந்த மரத்திலிருந்து வந்ததே. ஆற்றங்கரைகளில் மலாய்க்காரர் குடியிருந்து, நெல் விளைத்து, ஓரளவு ஈயமும் எடுத்து வந்தார்கள்.

1840-களில் பேராக்கின் வடபகுதியான லாருட்டில் ஈயம் மிகுதியாகக் கிடைத்ததும் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஹாய் சான், கீ ஹின் என்ற இரு இரகசியச் சங்கங்களாகப் பிரிந்து, சுரங்கத்துக்கும் நீர்க்காலுக்கும் சண்டையிட்டார்கள். 1861-இலிருந்து பலமுறை மூண்ட அந்தப் போர்களைக் காரணம் காட்டிப் பிரிட்டிஷார் உள்ளே நுழைந்தார்கள். 1874 சனவரியில் பாங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சண்டை நடந்த ஊருக்குத் தைப்பிங், அதாவது 'நிலைத்த அமைதி' என்று பெயரிட்டார்கள். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு ஓடியது. ஏற்றிச் செல்ல ஈயம் இருந்ததால்தான் அந்த ரயில்.

1880-களில் கிந்தாவின் ஈயம் லாருட்டை மிஞ்சியது. தென்சீனாவிலிருந்து ஹக்கா, கான்டனீய மக்கள் அலை அலையாக வந்தார்கள். ஓலைக் குடிசைகளாலான ஈப்போ 1892-இல் பெருந்தீயில் பாதிக்கு மேல் எரிந்தது. அதன் பிறகு நேரான தெருக்களோடு புதிதாகக் கட்டினார்கள். ஹக்கா சுரங்க முதலாளிகள் 1893-இல் தங்களுக்கென ஒரு மன்றம் அமைத்தார்கள். 1898-இல் மலாய்க்காரரின் பங்ளிமா கிந்தா பள்ளிவாசல் எழுந்தது. யாவ் தெத் ஷின் என்ற சீனச் செல்வர் ஆற்றின் மறுகரையில் புதிய நகரைக் கட்டினார். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர் போலீசாகவும் காவலராகவும் பணியாற்றினார்கள். 1900-ஆம் ஆண்டையொட்டி உலகில் உற்பத்தியான வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மலாயாவினுடையது.

திருவாரூர் வழியே போன ரயில்

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861-62-இல் ரயில் பாதை திறக்கப்பட்டது. விளைபொருள்களைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்ல அமைத்த அந்தப் பாதை மனிதர்களையும் கொண்டு சென்றது. வறட்சியும் கடனும் பண்ணையடிமை முறையும் நெருக்கிய காலம் அது. கங்காணியின் சொல்லை நம்பித் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் கிராமத்தார் மூட்டை கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கூடாரங்களில் தங்க வைத்து, மருத்துவச் சோதனை செய்து, கப்பலேற்றினார்கள். ஒரு வாரத்துக்குள் பினாங்கு. முதலில் முறி எழுதிக் கொடுத்து ஒப்பந்தக் கூலியாகப் போனார்கள். அந்த முறை 1910-இல் மலாயாவில் ஒழிந்தது. பின்பு கங்காணி முறையே மேலோங்கியது. 1926-இலிருந்து 1973 வரை ஓடிய 'ராஜுலா' கப்பலின் பெயரை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலோர் சீனரே. தமிழர்கள் ரயில் பாதை போட்டார்கள், சாலை அமைத்தார்கள், ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். பின்னாளில் ஐரோப்பியக் கம்பெனிகளின் தூர்வாரிகளில் மலாய்க்காரரோடு தமிழரும் வேலை செய்தார்கள். ஈயத்துக்காகப் போட்ட ரயிலும் சாலையும் இல்லாவிடில் ரப்பர் அவ்வளவு விரைவில் பரவியிருக்காது. பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்டத்துரை 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை முடியாமலே நிற்கிறது. அதற்கென்று சென்னையிலிருந்து ஆட்களை வரவழைத்தார். கொள்ளை நோய் வந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி மாரியம்மன் கோயிலும் கட்டிக் கொடுத்தார். கோயிலின் மேலே சிலைகளுக்கிடையே துரையின் உருவமும் நிற்கிறது!

கடல் கடந்தவர் எல்லாரும் கூலிகளல்லர். நகரத்தார் லகாட் சாலையில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். சுரங்கம் தோண்ட முதல் வேண்டிய சீனரும் அவர்களிடம் கடன் வாங்கினார்கள். நாகூர், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள் மலாயாவெங்கும் கடை வைத்தார்கள். கூத்தாநல்லூருக்குக் 'குட்டி சிங்கப்பூர்' என்ற பெயரே உண்டு. ஈப்போவில் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல் 1908-இல் எழுந்தது. மலாயில் கடையைக் 'கெடாய்' என்றும் கப்பலைக் 'காப்பால்' என்றும் சொல்வது இத்தகைய நெடுங்கால உறவின் அடையாளம். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் வந்தார்கள். அந்த மரபில் வந்த சீனிவாசகம் சகோதரர்கள் ஈப்போவில் வழக்கறிஞர்களாக இருந்து, 1953-இல் ஒரு கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்பது கருதத்தக்கது.

உயிர் காத்த புழுங்கல் அரிசி

சுரங்கக் கூலிகளை மண்சரிவும் மலேரியாவும் மட்டுமா கொன்றன? பெரிபெரி என்ற நோயும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் பிரியும். மருத்துவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அதே மலாயாவில், அதைவிடக் குறைந்த கூலிக்கு உழைத்த தமிழர்களுக்குப் பெரிபெரி அநேகமாக வருவதே இல்லை. ஏன்?

பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இரண்டு கூட்டத்தாரின் சோற்றையும் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நோயின் காரணம் அரிசியில்தான் இருக்கிறது என்று 1907-இல் அவர் நூலெழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் பிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மற்றவருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே நோய் பரவிப் பலர் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்கள் தப்பினார்கள். இன்று இத்தகைய சோதனையை எந்த மருத்துவரும் செய்ய அனுமதியில்லை. பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் தொடர்ந்து ஆராய்ந்து, தீட்டும்போது நீங்கும் தவிட்டோடு ஏதோ ஒரு முக்கியமான பொருள் போய்விடுகிறது என்று காட்டினார்கள். சாவகத்தில் கோழிகளை வைத்து ஐக்மன் செய்த ஆய்வும் இதையே சுட்டியது. அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1926-இல் பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் பொருளே தயாமின் என்ற வைட்டமின் பி1.

நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயாமினில் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உட்புறத்துக்குச் சென்று ஊறிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது போவதில்லை. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நெல்லை அவித்துக் காயவைத்த நம் கிராமத்துப் பெண்களின் கை, கடல் கடந்து சென்ற உறவினரைக் காத்து நின்றது.

இறங்குமுகம்

ஒரே பொருளை நம்பிய ஊர், அந்தப் பொருளின் விலையோடு ஏறி இறங்கும். 1930-களின் மந்தத்தில் உலகில் ஈயத்துக்குத் தேவை குறைந்தது. 1931-இல் நாடுகள் கூடி உற்பத்திக்கு அளவு விதித்தன. சுரங்கங்கள் மூடின, தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசு கூலிகள் அங்கே செல்வதைத் தடை செய்தது. 1941 திசம்பரில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தார்கள். அவர்கள் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் சென்ற தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. 1948 சூனில் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரநிலை வந்தது. சுரங்க ஓரங்களில் குடியிருந்த சீனக் குடும்பங்கள் கம்பி வேலியிட்ட 'புதுக் கிராமங்களில்' குடியேற்றப்பட்டன.

இத்தனைக்கும் பிறகு ஈயம் தலை நிமிர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் மலேசியா ஆண்டுக்கு 70,000 டன்னுக்கு மேல் எடுத்தது. ஆனால் வளமான நிலங்கள் தீர்ந்து வந்தன. டப்பாக்களில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் இடம் பிடித்தன. சர்வதேச ஈய அமைப்பு, விலை விழாதிருக்கச் சந்தையில் ஈயத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டே வந்தது. 1985 அக்டோபர் 24-ஆம் நாள் அதன் கையிலிருந்த பணம் தீர்ந்தது. இலண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்திவைத்தது. விலை பாதியாக விழுந்தது. கிந்தாவில் சுரங்கத்துக்குப் பின் சுரங்கமாக மூடப்பட்டன. நூறாண்டுத் தொழில் ஒரு சில ஆண்டுகளில் ஓய்ந்தது. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள்.

எஞ்சியவை

இன்று கிந்தாவுக்குச் சென்றால் ஏரிகளைத்தான் முதலில் காண்பீர்கள். நம் கமலாலயத்தைப் போன்ற நீர்ப்பரப்புகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஆனால் எவரும் படித்துறை கட்டியதில்லை. அவையெல்லாம் ஈயம் எடுத்த குழிகள். சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். பத்து காஜா அருகே சில குளங்களில் கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டி, அது பறவைகளின் புகலிடமாகிவிட்டது. துரோனோவிலும் கம்பாரிலும் பழைய சுரங்க நிலத்தில் பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. பழைய கடைத்தெருவும், 1917-இல் முடிந்த வெண்ணிற ரயில் நிலையமும் பயணிகளை ஈர்க்கின்றன. புந்தோங்கில் தமிழ்க் குடும்பங்கள் வறுத்து விற்கும் கடலையும் முறுக்கும் நாடெங்கும் புகழ் பெற்றவை. தைப்பூசத்தன்று கல்லுமலை முருகன் கோயிலை நோக்கிக் காவடிகள் போகின்றன. சீனரும் காவடி எடுக்கிறார்கள்.

ஆனால் மணல் எளிதில் மன்னிப்பதில்லை. தூர்வாரி கொட்டிய மணலில் களிமண்ணும் மக்கும் இல்லை, நீர் தங்காது, பயிருக்கு உணவு இல்லை. சுரங்கச் சேறு ஆற்றுப் படுகைகளை மேடாக்கி வெள்ளத்தையும் கொண்டு வந்தது. ஈயத்தோடு கூடவே மோனசைட் என்ற தாதுவும் கிடைத்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைப்பதும் இதுவே. அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982-இல் மோனசைட்டிலிருந்து அருமண் எடுக்கும் ஆலை ஒன்று தொடங்கியது. கழிவு பற்றி அஞ்சிய ஊர் மக்கள் 1985-இல் நீதிமன்றம் சென்றார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவைப் பத்திரமாகப் புதைக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

வெள்ளீயத்தின் தேவை தீர்ந்துவிடவில்லை. உங்கள் கைப்பேசியின் உள்ளே சிறு உறுப்புகளைப் பற்ற வைத்திருக்கும் பற்றாசில் பெரும் பகுதி அதுவே. உலகில் எடுக்கும் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி இந்த வேலைக்கே போகிறது. விலை ஏறும்போதெல்லாம் மூடிய சுரங்கங்களைத் திறக்கலாமா என்ற பேச்சு எழுகிறது.

வாசகர்களே, நம் டெல்டாவிலும் மண்ணுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. திருவாரூர் மாவட்டத்து வயல்களுக்கிடையே எண்ணெய்க் கிணறுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. இதில் எது சரி, எது தவறு என்று வாதிடுவோர் பலர். வாதத்தில் இறங்குமுன் ஈப்போவின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கிந்தாவின் ஈயம் ஒரு பெரிய நகரைக் கட்டியது. ரயிலைக் கொண்டு வந்தது. பல இனத்தாருக்குச் சோறு போட்டது. இவை வரவுப் பக்கம். ஒரே தலைமுறையில் வேலை இழந்தவர்கள், மீளாத மணல், புதைக்க வேண்டிய கழிவு ஆகியவை செலவுப் பக்கம். தாதுவை ஒருமுறைதான் எடுக்கலாம். காவிரி கொண்டு வந்து போட்ட வண்டலோ, பேணினால் ஆண்டுதோறும் விளையும்.

அடுத்த முறை வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் கொதிக்கும்போது, இந்தக் கணக்கை வீட்டுப் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள். அவர்களில் யாருடைய தாத்தாவாவது நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவராக இருக்கக்கூடும். அந்தக் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.